எண்ணெயில் தெரிந்த பல்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எந்த வழியில் போகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலில் இனிப்பு நீர் வியாதி, அடுத்து முட்டி, கடைசியாகப் பல். போன மாதம் கோயில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் வடையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல்லு இருக்கறவன் பட்டாணி திம்பான், நமக்கு ரசந்தான்லா" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் இப்போது என்னோடு படுப்பதில்லை, தனியாக டம்ளரில் தூங்குகின்றன.

அன்று சாயங்காலம் அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் மங்குவின் ஞாபகம் வந்தது.

மங்கு ஒரு முயல். ரப்பர் மரத்தில் பால் வடிவதற்குக் கீழே மாட்டி வைப்போமே, வெள்ளைப் பீங்கான் கோப்பை, அதை எங்கள் தோட்டத்தில் மங்கு என்போம். இந்த முயலும் அப்படியொரு வெள்ளை. சுருண்டு படுத்தால் யாரோ கோப்பையைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள், "ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டால் அப்பா, "கவுத்து வச்சுப் பாருங்க, தெரியும்" என்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஈப்போவிலிருந்து சிலிம் ரிவர் போகிற பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கி, செம்மண் பாதையில் இரண்டு கட்டை தூரம் நடந்தால் எங்கள் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால் மரம் சீவினார்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. தோட்டத்து முனையில் மளிகைக்கடை வைத்திருந்த சீனத் தவுக்கே கடைக்குப் பின்னால் முயல் வளர்த்தார். ஒருநாள் நான் கருவாடு வாங்கப் போனபோது, உள்ளங்கை அளவு குட்டி ஒன்றைத் தூக்கி என் சட்டையில் போட்டார்.

"இது சின்னது, அம்மா பால் குடுக்காது. நீ பாரு. செத்துப் போனா என்னைத் திட்டாத" என்றார் அவருடைய தமிழில்.

சாகவில்லை. அம்மா துணித்திரியில் பால் நனைத்து ஊட்டிப் பிழைக்க வைத்தார். எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதனாலோ என்னவோ, யாராவது, "எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டால், "ரெண்டு. மூத்தவளுக்கு ரெண்டு காலு, சின்னவளுக்கு நாலு காலு" என்பார். விளையாட்டாகச் சொன்ன அந்தச் சொல் பின்னால் வந்து அவரையே பிடித்துக்கொண்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் மங்கு இருந்தது, பால் டின்கள் அடுக்கி வந்த மரப்பெட்டியில். நாளெல்லாம் பெட்டியின் விளிம்பைக் கறும்பிக்கொண்டே இருக்கும். "கறும், கறும்" என்று அந்தச் சத்தம் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. பெட்டி ஒரு பக்கம் கரைந்து, பெரிய ஓட்டையாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றிலிருந்து கோழியை மூசாங், அதாவது மரநாய், தூக்கிப்போனது. அப்பா பயந்துவிட்டார். வேலியில் மிச்சமிருந்த தடித்த கம்பியை வளைத்து, ஒரு வாரம் உட்கார்ந்து, கூண்டு ஒன்று பின்னினார். மரம் ஒரு துண்டுகூட இல்லை. முழுக்க இரும்பு.

"இனிமே எந்தப் பய பல்லும் இதுல எறங்காது" என்றார் பெருமையாக.

உண்மைதான். மங்குவின் பல்லும் இறங்கவில்லை. பழக்க தோஷத்தில் கம்பியைக் கடித்துக் கடித்துப் பார்த்து, ஒருநாள் கீழ்ப்பல் ஒன்று உடைந்தது.

விடிகாலையில் பெரட்டுக்குப் போகக் கிளம்பிய அம்மாதான் முதலில் பார்த்தார். கம்பியில் சிவப்பாக ஒரு கோடு. கூண்டின் அடியில் அரிசி நொய் போல ஒரு துணுக்கு. மங்கு மூலையில் குந்தி, வாயை அசைக்காமல் எங்களைப் பார்த்தது. அம்மா அன்று பெரட்டுக்குத் தாமதமாகப் போய், பேர் கூப்பிடும்போது இல்லாமல், கங்காணியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

பல் விழுந்தால் என்ன செய்வோம்? சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவோம், புதுப்பல் முளைக்கும். எனக்கு அப்படித்தான் செய்தார்கள். நானும் மங்குவின் பல்லைச் சாணி உருண்டையில் வைத்து வீசினேன். எங்கள் லயத்துக்குத் தகரக் கூரை. உருண்டை டங்கென்று விழுந்து, உருண்டு, என் காலடியிலேயே வந்து நின்றது. மூன்று முறை வீசினேன், மூன்று முறையும் வந்தது.

"அத்தாப்பு ஓலைக் கூரையா இருந்தா நின்னுருக்கும்" என்றார் அப்பா. "வெள்ளக்காரன் தகரத்தப் போட்டான், போன பல்லு வூடு திரும்புது."

நான் அந்தத் துணுக்கைக் கழுவி, நெருப்புப்பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினேன். அந்தப் பெட்டி பல வருஷம் என்னிடம் இருந்தது. தோட்டத்தை விட்டு வந்தபோது எந்த மூட்டையில் போனதோ.

அதன்பிறகு லயமே சேர்ந்து மங்குவைக் கவனித்தது. பல் போன பிள்ளைக்கு என்ன கொடுப்போம்? குழைந்த கஞ்சி, பாலில் ஊறிய ரொட்டி, மசித்த வாழைப்பழம். முன்வீட்டுப் பெரியம்மா தினமும் பிஸ்கட் நனைத்துக் கொண்டுவந்தார். அவர் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். தோட்டத்தில் பாதிப் பேருக்கு முதல் பல் முளைத்ததைப் பார்த்தவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். புல்லும் சர்க்கரைவள்ளி இலையும் நின்றுபோயின. "மெல்ல முடியாத புள்ளைக்கு எலையப் போட்டா அது பாவம்லா" என்றார் பெரியம்மா.

போன வருஷம் என் மகள் வீட்டு முயலை ஈப்போவில் ஒரு மிருக மருத்துவரிடம் கொண்டுபோனோம். சின்னப் பெண். அவர் சொன்னார்: முயலுக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்குமாம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று உரசித் தேய வேண்டும். கடினமானதைக் கடிக்க வேண்டும். கஞ்சி கொடுத்தால் கெட்டது. நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து எங்கள் லயத்தை நினைத்துக்கொண்டேன். மரப்பெட்டியைப் பிடுங்கியவர் அப்பா, பயத்தில். இலையை நிறுத்தியவர் பெரியம்மா, இரக்கத்தில். ஒவ்வொருவரும் ஆசையாய் ஒரு தப்புச் செய்தோம்.

ஆறு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அம்மா மங்குவின் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை எடுத்தார். உடைந்த கீழ்ப்பல்லுக்கு நேர் மேலே இருந்த பல் உதட்டைத் தாண்டிக் கீழே வந்திருந்தது.

"பெரியக்கா! இங்க வந்து பாருங்களேன்!"

பெரியம்மா வந்தார். பார்த்தார். வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"மேல்பல்லு" என்றார்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கீழ்ப்பல்லுக்கு முன்னால் மேல்பல் வந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். மங்குவுக்குக் கீழ்ப்பல் இல்லை, மேல்பல் வளர்கிறது. அம்மாவுக்கு இருந்ததோ ஒரே தம்பி.

"அடச்சீ, முயலுக்கு எதுக்கு மாமன்?" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க தம்பி" என்றார் பெரியம்மா. "புள்ளன்னு சொன்னது யாரு? ஒங்க பொண்டாட்டிதானே? ஒரு தடவையா, ரெண்டு தடவையா? ஊரு பூரா சொல்லியாச்சு. புள்ளன்னா மாமன் உண்டுலா."

அம்மாவின் முகம் போன போக்கை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் அவருக்கும் பத்து வயது வித்தியாசம். அவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, அம்மாதான் அவரைத் தூக்கி வளர்த்தார். பதினேழு வயதில் மாமா ஈப்போவுக்குப் போய், ஒரு பல் கட்டும் கடையில் சேர்ந்தார். ரோஜா நிற ஈறோடு இரண்டு வரிசைப் பல்லைப் பெரிதாக வரைந்து பலகை மாட்டியிருப்பார்களே, அந்த மாதிரிக் கடை. அம்மா லயத்தில், "தம்பி பல்லு கடையில இருக்கான்" என்று சொன்னார். அந்தப் பேச்சு குழாயடியைத் தாண்டும்போது, "தம்பி பல்லு பாக்குறான்" என்று ஆனது. கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மாமா பல் டாக்டர்.

அதிலிருந்து மாமா வரும்போதெல்லாம் வாசலில் ஆள் நிற்கும். கன்னம் வீங்கியவர், ஈறு புண்ணானவர், பல்லே இல்லாமல் சும்மா பார்க்க வந்தவர். மாமா, "சாமான் கொண்டாரல" என்று சொல்லிச் சமாளிப்பார். பிறகு வருவதையே குறைத்தார். ஒன்றரை வருஷமாக ஆளைக் காணோம். தீபாவளிக்குத் துணிமணி மட்டும் பஸ் கண்டக்டரிடம் வந்தது.

"பெரிய மனுசனாயிட்டான். அக்கா கையால குடிச்ச கஞ்சி மறந்துபோச்சு" என்பார் அம்மா. சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதற்கிடையில் மங்கு சாப்பிடுவதை நிறுத்தியது. கஞ்சியை நக்கும், விட்டுவிடும். தூக்கினால் முதுகெலும்பு விரலில் பட்டது. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் போய்க் கேட்டார். "மனுசனுக்கே மருந்து பத்தல, முயலோட வந்துட்டீங்களா?" என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார். திரும்பி வந்த அப்பா கூண்டின் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார்.

"பாப்பா, இது பட்டினியில தவிக்குது. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். அப்பவும் திங்கலன்னா தவுக்கேகிட்டயே குடுத்துர்றேன்."

தவுக்கே கடையின் பின்புறத்தில் முயல் கூண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையும் இருந்தது. அதன் மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவர் என்னைப் பார்க்காமல் பேசியதிலேயே தெரிந்தது.

அம்மாவுக்கு வேறு கவலை. "கொண்டுபோய்க் குடுத்துட்டா தம்பிக்கு உள்ள தோஷம் போயிருமா?" என்று பெரியம்மாவிடம் கேட்டார்.

"எப்படிப் போவும்? பல்லு மொளச்சது மொளச்சதுதான். கொடி சுத்திப் பொறந்த புள்ளைய மாமன் எண்ணெயிலதானே மொதல்ல பாப்பான்? இதுக்கும் அப்படித்தான். வரச்சொல்லு. எண்ணெயில மொகத்தப் பாக்கட்டும், கழிஞ்சிரும்."

"இந்தக் கணக்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?" என்றார் அப்பா.

"ஆயாக் கொட்டகையில. ஒங்களையும் அங்கதான் காலு நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டுனேன்" என்றார் பெரியம்மா. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. கட்டுரை நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதினேன். அந்த வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்: "அன்புள்ள மாமா, நலம், நலமறிய ஆவல். மங்குவின் கீழ்ப்பல் உடைந்துவிட்டது. மேல்பல் வளர்கிறது. அது உங்களுக்கு ஆகாதாம். மங்கு சாப்பிடவில்லை. ஞாயிறு வரைதான் தவணை. பல் டாக்டராகிய தாங்கள் உடனே வரவும்." ஈப்போ பஸ்ஸின் கண்டக்டரிடம் அம்மா அதைக் கொடுத்தார். கண்டக்டர் மடிப்பைப் பிரித்துப் படித்துவிட்டு, "முயலுக்கு டாக்டரா? ஒங்க வூட்டையே மொத்தமா தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸுல ஏத்தி வுடணும்க்கா" என்றார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அதுதானே. ஆனாலும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார், பாவம், நல்ல மனிதர்.

ஞாயிறு மத்தியானம் மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். செம்மண் பாதையில் அவர் தலை தெரிந்ததுமே லயம் விழித்துக்கொண்டது. கங்காணி துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். மாமா அவரைப் பார்த்ததும் நடையைக் குறைத்ததை நான் கவனித்தேன். வெட்கப்படுகிறவர் நடை அது. அன்று எனக்கு அது டாக்டர் நடையாகத் தெரிந்தது.

வாசலுக்கு வந்தாரோ இல்லையோ, பெரியம்மா கத்தினார்: "கண்ண மூடுலா! கண்ண மூடு! நேராப் பாத்துராத!"

"என்னா பெரியக்கா இது?"

"மூடுன்னா மூடு. டாக்டருன்னா பெரிய இவனா?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அவர் கையைப் பிடித்து, தட்டுத்தடுமாற உள்ளே கூட்டிவந்து மணையில் உட்கார வைத்தார். ஒன்றரை வருஷம் கழித்துத் தம்பியின் கையைப் பிடித்தவர், உட்கார வைத்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. பித்தளைத் தாம்பாளத்தில் நல்லெண்ணெய் ஊற்றி அவர் முன்னால் வைத்தார்கள். நான் மங்குவைத் தூக்கி, முகம் கீழே பார்க்க, எண்ணெய்க்கு மேலே பிடித்தேன். எண்ணெய் வாசம் பட்டு அதன் மூக்கு படபடவென்று அடித்தது.

"இப்பக் கண்ணத் தொற. எண்ணெயில மட்டும் பாரு."

மாமா குனிந்து பார்த்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் நிமிரவில்லை. இன்னும் குனிந்தார். மூக்கு எண்ணெயில் படுகிற அளவுக்குக் குனிந்தார்.

"பாப்பா, ஆட்டாத. அப்படியே வச்சிரு. ஒதட்ட மட்டும் லேசா ஒதுக்கு."

ஒதுக்கினேன்.

"கடையில இப்படித்தான் சின்னக் கண்ணாடிய வாய்க்குள்ள வச்சுப் பாப்பாங்க" என்றார் மெதுவாக. "அக்கா, இங்க வந்து பாரு. மேலேருந்து பாத்தா பல்லு நீளமா இருக்குன்னுதான் தெரியும். அடியில பாரு. வளஞ்சு உள்ள போயி, ஒடஞ்ச பல்லு இருந்த எடத்துல ஈறக் குத்திக்கிட்டு நிக்குது. வாய மூடுனாப் போதும், குத்தும். இது திங்க மாட்டேங்கல அக்கா. திங்க முடியல."

அம்மா எண்ணெயில் பார்த்தார். அப்பா பார்த்தார். கங்காணிகூடத் தாடைக்கட்டோடு எட்டிப் பார்த்தார். மஞ்சள் எண்ணெயில், தலைகீழாக, சின்ன வெள்ளை வளைவு ஒன்றும் அதன் நுனியில் சிவப்பாக ஒரு புண்ணும் தெரிந்தன. ஆறு வாரமாக நாங்கள் எல்லோரும் மேலிருந்து மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்பப் புடுங்கிரலாமா மச்சான்? குறடு இருக்கு" என்றார் அப்பா.

"புடுங்கல்லாம் எனக்குத் தெரியாது மச்சான்."

"டாக்டருக்கு அடக்கத்தப் பாரு" என்றார் பெரியம்மா.

மாமா சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஓர் அரம். அதைப் பார்த்ததும் கங்காணி இரண்டடி பின்னால் போனார்.

"சத்தம் இருந்தா முயலு பயப்படும். பாப்பா மட்டும் வரட்டும்" என்று சொல்லி மாமா எழுந்தார்.

கொல்லைப்புறத்துக் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்தோம். மங்குவைத் துண்டில் சுற்றி என் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமா ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைக் குறுக்காக அதன் வாயில் கொடுத்து, பல்லை இரண்டு விரலால் பிடித்து, அரத்தை வைத்தார். "கிர்ர்" என்று ஒரு தரம் இழுத்து, நிறுத்தி, தடவிக்கொடுத்து, மறுபடி ஒரு தரம். இழுக்கிற விரல் பஞ்சைத் தொடுவதுபோல் அவ்வளவு மெல்ல. வெள்ளைத் தூள் என் பாவாடையில் விழுந்தது. அது எரிந்த நகம் போல ஒரு வாசனை அடித்தது.

"மாமா, நீங்க எத்தன பேருக்குப் பல்லு பாத்துருக்கீங்க?"

மாமாவின் கை நின்றது.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன். நான் டாக்டரு இல்ல. அங்க கட்டுப்பல்லு செய்வாங்க. செஞ்சு முடிச்ச பல்ல நான் அரத்துல தேச்சு, பாலிஷ் போட்டுக் குடுப்பேன். கடையக் கூட்டுவேன். அவ்வளவுதான். உசுரு உள்ள வாயில கை வச்சதே இன்னைக்குத்தான்."

"பாலிஷா? சப்பாத்துக்குப் போடுறதா?"

"அந்த மாதிரிதான்" என்று மாமா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அம்மாகிட்ட சொல்லாத. அவ ஊரு பூரா பெருமையாச் சொல்லி வச்சிருக்கா" என்றார்.

"சொல்ல மாட்டேன். மங்கு மேல சத்தியம்."

"அது மேல வேணாம். இப்பத்தான் பொழைக்கலாமான்னு யோசிக்குது."

எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. முடிந்ததும் மாமா மங்குவின் உதட்டை விலக்கிப் பார்த்து, ஈறில் உப்புத் தண்ணீர் தொட்டு வைத்து, கீழே விட்டார். அது காதைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. நான் சர்க்கரைவள்ளி இலை ஒன்றைப் பறித்து முன்னால் போட்டேன். முகர்ந்தது. விட்டது. மறுபடி முகர்ந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. கறும், கறும். இலையின் காம்பு மேலும் கீழும் ஆடிக்கொண்டே உள்ளே போனது. அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எங்கிருந்துதான் பார்த்தாரோ, பெரியம்மா, "எண்ணெய் வேல செஞ்சிருச்சு!" என்று லயத்துக்கே அறிவித்தார்.

மாமா அவருடைய பேச்சை மறுக்கவில்லை. கஞ்சியை நிறுத்தி, கொய்யாக் குச்சியும் புல்லும் போடச் சொன்னார். மரப்பெட்டியை மறுபடி கூண்டுக்குள் வைக்கச் சொன்னார். கங்காணியை மறுநாள் காலை தன்னோடு பஸ்ஸில் கூட்டிப்போய் அரசாங்க ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்க வைத்தார். "எங்க டாக்டரு வேற ஒரு டாக்டருகிட்டயே கூட்டிப் போனாரு" என்று கங்காணி அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அன்று சாப்பிடும்போது மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, இந்தப் பல்லு மறுபடி வளரும். கீழ்ப்பல்லு வர்ற வரைக்கும் மாசத்துக்கு ஒருவாட்டி தேச்சு வுடணும்."

"அப்ப மாசத்துக்கு ஒருவாட்டி வருவியா?"

"வரணும்லா. வேற யாரு பாப்பாங்க?"

அம்மா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

வந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு. ரொட்டிப் பொட்டலம், கைக்குட்டையில் அரம். சத்தம் ஆகாது என்று மற்றவர்களை விரட்டிவிட்டு, கொய்யா மரத்தடியில் நானும் அவரும் மங்குவும். "தான் புடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு சொல்லுவாங்க. இந்த வூட்டுல முயலுக்கு மாமனே இருக்கான்" என்பார் அப்பா. ஆனால் அவர்தான் முதல் ஞாயிறு என்றால் விடிந்ததும் கோழி அடிக்க ஆள் தேடுவார்.

நாலாம் மாதமோ ஐந்தாம் மாதமோ இருக்கும். துண்டில் சுற்றியிருந்த மங்குவின் வாயை நான் நன்றாகப் பார்த்தேன். கீழ்ப்பல் முழுதாக வளர்ந்திருந்தது. மேல்பல் அதன்மேல் அழகாக உட்கார்ந்து, அளவாக இருந்தது. தேய்க்க ஒன்றுமில்லை. மாமாவும் பார்த்தார். சமையலறையில் அம்மா வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்று நின்று கேட்டது. மாமா அரத்தை எடுத்தார். மங்குவின் வாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், தன் இடது கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து இழுத்தார்.

கிர்ர். கிர்ர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் மங்குவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், நிஜமாகவே தேய்ப்பது போல.

அப்படியே மாதங்கள் போயின. ஒருநாள் சோறு போடும்போது அம்மா கேட்டார்: "தம்பி, ஒன் எடது கையி கட்டவெரலு நகம் மட்டும் ஏன் இப்படித் தேஞ்சு கெடக்கு?"

மாமா கையை மடக்கிக்கொண்டார். "வேலையில அப்படித்தான்க்கா."

அம்மா கொஞ்ச நேரம் அந்த மடக்கிய கையையே பார்த்தார். "சரி சரி, சாப்புடு" என்றார்.

மங்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில், பெட்டிக்குள் சுருண்டபடியே, கவிழ்த்து வைத்த கோப்பை போல அமைதியாகப் போய்விட்டது. கொய்யா மரத்தடியில்தான் புதைத்தோம். அந்த இடம் இப்போது யார் வீட்டுக் கார் நிறுத்துமிடமோ. அங்கே ஒரு தாமான் குடியிருப்பு வந்து பல வருஷம் ஆகிறது.

சொல்ல வந்தது அதற்கு அடுத்த முதல் ஞாயிறைப் பற்றி. செய்தி மாமாவுக்குப் போயிருந்தது. இனி வரமாட்டார் என்று நான் நினைத்தேன். மத்தியான பஸ்ஸுக்கு வந்தார். ரொட்டிப் பொட்டலம் இருந்தது. கைக்குட்டை இல்லை. வாசலில் நின்று, கூண்டு இருந்த இடத்தைப் பார்த்தார். உட்காரவுமில்லை. வந்ததற்குக் காரணம் தேடுகிறவர் போல, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். ஈப்போவிலிருந்து அந்தச் செம்மண் பாதைக்கு யாரும் சும்மா வருவதில்லை.

என் அம்மாவின் பற்களைப் பற்றி இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை. புளியங்கொட்டையைக் கடித்து உடைப்பார். கரும்பை அடியோடு உரிப்பார். எண்பது வயது வரைக்கும் சொந்தப் பல்லோடு இருந்து, அதோடுதான் போனார். அன்றும் ஆரஞ்சு சோடா போத்தலை எடுத்துக் கடைவாயில் வைத்து, "டப்" என்று மூடியைத் திறந்து, தம்பியிடம் நீட்டினார். மூடி அவர் உள்ளங்கையில் இருந்தது.

"நீ வந்ததும் நல்லதாப் போச்சு தம்பி" என்றார். "எனக்கு ஒரு வாரமா கீழ்ப்பல்லு ஒண்ணு ஆடுற மாதிரியே இருக்கு. மாசத்துக்கு ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போலாம்ல?"

மாமா அம்மாவின் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். தகரத்தில் பல் பதிந்த தடம் ஆழமாகத் தெரிந்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகுதான் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆமாக்கா, பாத்தாலே தெரியுது, ஆடுது" என்றார். "அடுத்த மாசம் வரும்போது அரம் கொண்டாரேன்."